இறையன்பில் வளரும் வழிகள்

கிறிஸ்தவ சமயத்தில் இறைவனை நேசித்தல் முதற் கட்டளையாக விதிக்கப்பட்டிருக்கின்றது. கட்டளைகளுள் தலையாயது யாது என்று வேதபாரகர் ஒருவர் வினவியபொழுது, மனிதன் தன்பாலுள்ள அனைத்தையுங் கொண்டு இறைவனை நேசித்தல் முதலாவது என்றும், தன்னைப் போல அயலானை நேசித்தல் இரண்டாவது என்றும் இயேசு கிறிஸ்து விடையளித்தார். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இச் செய்தி உளது. இதனைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கொலை செய்யாதே, களவு செய்யாதே என்று விதித்தல் எளிது. கையை அடக்குவோன் அவ் விதியை நிறைவேற்றிவிடலாம். ஆனால், நேசி என்று விதித்தல் யாங்ஙனம் கூடும்? அன்பு தானே சுரப்பதன்றோ? அது கட்டளைக்குப் பணிந்து சுரக்குமோ?

இது கற்றோர் மட்டும் எழுப்பும் ஐயம் அன்று. இளமையில் ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு தவறாது கோயிலுக்குச் சென்று, வீட்டிலே செபமும் செய்துவரும் ஒருவர், ஒருநாள் தம் உள்ளம் குளிர்ந்து போயிருத்தலைக் காண்கின்றார். உதடு செபிக்கின்றது, உள்ளம் எங்கோ அலைகின்றது. முன்னர்ப் பாடலைக் கேட்டவுடன் கசிந்த கண் இப்பொழுது கசிவதில்லை. தம் விசுவாசமே இறந்துவிட்டதோ என்று அவர் அஞ்சுகின்றார். இவ்வச்சத்தைப் பிறரிடம் கூற நாணிப் பலர் நெடுங்காலம் தனியே வருந்துகின்றனர். சிலர் செபத்தையே கைவிட்டு விடுகின்றனர்.

இவர்கட்கு வேதாகமம் கூறும் விடை தெளிவானது. அன்பு என்று அது சொல்வது உணர்ச்சியை மட்டும் அன்று. உணர்ச்சி அன்பின் மலர் எனலாம், வேர் அன்று. மனத்தின் உறுதியும், அவ்வுறுதியின் வழி நாடோறும் செய்யப்படும் செயலுமே வேர். அதனாலேயே அன்பைக் கட்டளையிடவும் முடிகின்றது. பயிற்சியால் வளர்க்கவும் முடிகின்றது.

இயேசு எடுத்துக் கூறிய முதற் கட்டளை உபாகமம் 6-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. அவ்வதிகாரம் இறைவனை நேசி என்று விதித்தவுடன் நின்றுவிடவில்லை. அடுத்த வசனங்களிலேயே வழியையும் வகுக்கின்றது. வீட்டில் இருக்கும்பொழுதும், வழியில் நடக்கும்பொழுதும், படுக்கும்பொழுதும், எழும்பொழுதும் இறைவனுடைய வார்த்தைகளைப் பேச வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். வீட்டு நிலைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பன அவ்விதிகள். அன்பாகிய பெரும்பொருளுக்கு வேதம் காட்டும் கருவிகள் வீடும், வழியும், படுக்கையும், வாசற்படியுமே என்பது எண்ணத்தக்கது. அவை ஏழைக்கும் உள்ளவை, கல்லாதவர்க்கும் உள்ளவை.

வேலையை இறைவனோடு கூடிச் செய்தல் முதலாவது வழி. இதற்குச் சான்றாய் விளங்குபவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்த சகோதரர் லோறன்ஸ். லொறேன் நாட்டிலே எளிய குடியிற் பிறந்த இவர், போர்வீரராயிருந்து காயமுற்று, பின்னர் ஒரு செல்வர் வீட்டில் ஏவலாளராயிருந்து, 1640-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்திற் சேர்ந்தார். குருவாகும் கல்வி அவரிடம் இல்லை. ஆதலின் மடத்துச் சமையலறை அவர்க்கு அளிக்கப்பட்டது. சமையல் வேலையை அவர் இயல்பாக விரும்பியவர் அல்லர். எனினும் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தார். அதன் பின் மடத்தார்க்கு மிதியடி செய்து கொடுத்தார். 1691-ஆம் ஆண்டிலே இறந்தார்.

அவர் கண்ட வழி மிக எளிது. வேலை தொடங்குமுன் அதனை இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பார். செய்யும்பொழுது இடையிடையே சில சொற்களால் அவரோடு பேசுவார். முடிந்தபின், நன்றாயின் நன்றி கூறுவார், தவறாயின் மன்னிப்புக் கேட்பார். சட்டியிலே முட்டைப் பொரியலைத் திருப்புதலும், நிலத்திற் கிடக்கும் வைக்கோற்றுரும்பை எடுத்தலும் இறைவன்மேல் வைத்த அன்பினாற் செய்யப்படலாம் என்பது அவர் துணிபு. செயலின் பெருமையை அன்றிச் செய்வோனின் அன்பையே இறைவன் நோக்குகின்றார் என்று அவர் கருதினார். மனம் சிதறி இறைவனை மறந்துவிட்டதை உணரும்பொழுது அவர் தம்மை வைது வருந்தவில்லை. அமைதியாக மீண்டும் திரும்பிக்கொண்டார். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் பிறர் தொகுத்து வெளியிட்டனர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இன்றும் அவற்றைப் படிக்கின்றனர்.

சமையலறையிற் புகைக்கு நடுவே நிற்கும் தாய்க்கும், தோட்டத்திற்கு நீர் இறைப்பவர்க்கும், அலுவலகத்திற் கணக்கு எழுதுபவர்க்கும் இவ்வழி பொருந்தும். செபத்திற்கு நேரமில்லை என்று வருந்துவோர்க்கு, இருக்கும் நேரத்தையே செபமாக்கும் முறையை லோறன்ஸ் காட்டியிருக்கின்றார்.

எனினும், நாள் முழுவதும் இறைவனை நினைப்பதற்கு, நாளில் ஒரு வேளையேனும் அவர்க்கென ஒதுக்கப்படல் வேண்டும். இது இரண்டாவது வழி. நெடுநேரம் வேண்டும் என்பதில்லை. குறித்த நேரம் வேண்டும். கால்மணி நேரமாயினும் அதனை நாடோறும் காத்தல் நன்று. அவ்வேளையில் வேதாகமத்தில் ஒரு சிறு பகுதியை மெல்லப் படித்து, அதில் உள்ளத்தைத் தொட்ட ஒரு சொல்லிலே தங்கி, அச்சொல்லைக்கொண்டே இறைவனிடம் பேசலாம். பேசும் பேச்சு உண்மையாய் இருத்தல் வேண்டும். சங்கீதங்களைப் பாடியோர் துதி மட்டும் பாடவில்லை, முறையிட்டும் இருக்கின்றனர். 88-ஆம் சங்கீதம் துயரிலே தொடங்கி இருளிலேயே முடிகின்றது. அத்தகைய முறையீடும் வேதத்திலே இடம்பெற்றிருத்தலால், துயருற்றவர் பொய்யான மகிழ்ச்சியோடு இறைவன்முன் நிற்க வேண்டியதில்லை என்பது விளங்கும்.

மூன்றாவது வழி இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல். இதனை ஆத்தும சோதனை என்பர். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இயற்றி, 1548-ஆம் ஆண்டிலே பாப்பரசரின் ஒப்புதலைப் பெற்ற ஆன்மப் பயிற்சி நூலில் இதற்கு ஐந்து படிகள் வகுக்கப்பட்டுள்ளன. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறல் முதற் படி. தன் குற்றங்களை அறிய அருள் வேண்டல் இரண்டாவது. காலை முதல் இரவு வரை நடந்தவற்றை வேளை வேளையாக எண்ணிப் பார்த்தல் மூன்றாவது. மன்னிப்புக் கேட்டல் நான்காவது. திருந்துவதற்கு உறுதி கொள்ளல் ஐந்தாவது. இவ்வரிசையிற் குற்றம் முதலில் வரவில்லை. நன்றியே முதலில் வருகின்றது. பெற்றதை அறியாதவன் கொடுத்தவரை நேசித்தல் அரிது. ஒருநாளிற் கிடைத்த நன்மைகள் சிலவற்றை இரவுதோறும் பெயர் சொல்லி எண்ணுபவர், சில கிழமைகளிலேயே தம் உள்ளம் மாறத் தொடங்குதலைக் காணக்கூடும்.

இம் மூன்றும் தனிமையிற் செய்யத்தக்கவை. ஆயின் இறையன்பு தனிமையிலேயே அடங்கிவிடின் அது மெய்யோ பொய்யோ என்று அறிதற்கு அளவுகோல் இல்லாது போகும். கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத இறைவனை நேசிப்பதாகக் கூறுதல் பொய்யாகும் என்பது யோவான் எழுதிய முதலாம் நிருபத்தின் கருத்து. ஆதலின் துன்புற்றார்க்குத் தொண்டு செய்தல் நான்காவது வழி.

இலங்கை மக்கள் இதற்குச் சான்று தேடி வேறு நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோவாவிலே 1651-இற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687-ஆம் ஆண்டு ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தமிழைக் கற்றிருந்த அவர், சில்லாலையிலும் பிற ஊர்களிலும் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடிச் சென்று பணியாற்றினார். 1692-இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபொழுது போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர்.

1697-ஆம் ஆண்டிலே கண்டியில் வைசூரி நோய் பரவிற்று. நோயுற்றோரை உற்றாரே கைவிட்டு ஓடினர். அடிகளாரோ ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவளித்தார், புண்களைக் கழுவினார், தங்குதற்கு இடம் அமைத்தார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர் இன்ன சமயத்தார் என்று பார்த்துத் தொண்டு செய்யவில்லை. 1711-இற் கண்டியில் இறந்த அவருக்கு, 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தார். அடிகளார் செபத்தில் நெடுநேரம் கழித்தவர். அச்செபம் எத்தகையது என்பதை வைசூரி வந்த ஆண்டு காட்டிற்று.

எல்லார்க்கும் வைசூரிக் காலம் வாய்ப்பதில்லை. ஆனால் நோயாளியும், முதியோரும், மனத்தாங்கலினாற் பேச்சற்றுப்போன உறவினரும் இல்லாத ஊர் இல்லை. கிழமைக்கு ஒருமுறை ஒரு நோயாளியைப் பார்த்து வருதலும், நெடுநாட் பகையுற்ற ஒருவரிடம் முதலிற் பேசுதலும் இவ்வழியைச் சார்ந்தனவே. பின்னையது முன்னையதினும் கடினம் என்பதை முயன்றவர் அறிவர்.

ஐந்தாவது வழி ஒத்த மனத்தாரின் கூட்டுறவு. 1742-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செபமண்டபத்தின் கடனைத் தீர்ப்பதற்காக யோன் வெஸ்லியின் சங்கத்தார் பன்னிருவர் பன்னிருவராகப் பிரிந்து, ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்க்க உடன்பட்டனர். பணம் சேர்க்கச் சென்ற தலைவர் ஒவ்வொருவரின் நிலையையும் அறிந்து வந்தார். தளர்ந்தோரைத் தேற்றவும், வழுவினோரைத் திருத்தவும் இது நல்ல வாய்ப்பு என்பதை வெஸ்லி கண்டார். கடன் தீர்க்க எழுந்த ஏற்பாடு மெதடிஸ்த வகுப்புக் கூட்டமாக வளர்ந்தது. வெஸ்லியின் சபையினர் 1814-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, காலியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர். தம் உள்ளத்தின் குளிர்ச்சியைச் சொல்ல நாணித் தனியே வருந்துவோர்க்கு, நம்பிக்கையான இருவர் மூவரோடு கிழமைதோறும் கூடி உண்மை பேசுதல் பெரிய மருந்தாகும்.

இவ்வழிகளையெல்லாம் கைக்கொண்ட பின்னும் உள்ளம் வறண்டே இருப்பின் என் செய்வது? இதுவே பலரைத் தளரச் செய்யும் வினா. லோறன்ஸ் துறவு பூண்ட முதற் பத்தாண்டுகளைப் பெருந் துயரத்திலே கழித்தார். தாம் கைவிடப்பட்டவர் என்றே அஞ்சினார். ஈற்றில், தம் கதி யாதாயினும் இறைவனை நேசித்தே வாழ்வது என்று துணிந்தார். அதன் பின்னரே அமைதி பெற்றார். கல்கத்தாவில் 1950-இல் அன்பின் பணியாளர் சபையை நிறுவிய தெரேசா அன்னை 1997-இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபொழுது, சிறிது காலம் நீங்கலாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைவனின் அண்மையை உணராமலே அவர் வாழ்ந்தார் என்பதை உலகம் அறிந்து வியந்தது. அவ்வாண்டுகளிலே அவர் செபத்தையும் விடவில்லை. தெருவில் கிடந்த நோயாளரையும் விடவில்லை. உணர்ச்சி இல்லாதவிடத்தும் அன்பு இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

வறட்சிக் காலத்துக்கென இஞ்ஞாசியார் இரண்டு விதிகள் தந்துள்ளார். மனம் தெளிந்திருந்த காலத்திற் செய்துகொண்ட தீர்மானத்தை இருண்ட காலத்தில் மாற்றலாகாது என்பது ஒன்று. செபம் கசக்கும் நாளில் அதனைக் குறைத்தலாகாது. குறித்த நேரத்துக்கு மேலும் சிறிது நீட்டுக என்பது மற்றொன்று.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. இறைவன் முந்தி நேசித்தமையாலேயே மனிதன் நேசிக்கின்றான் என்பது கிறிஸ்தவ போதனை. ஆதலின் இவ்வழிகள் இறையன்பை விலைகொடுத்து வாங்கும் காசுகள் அல்ல. வன்னியில் மானாவாரி நெல் விதைக்கும் உழவன் மழையைப் பெய்விக்க வல்லவன் அல்லன். ஆனால் உழுதலும், வரம்பு கட்டுதலும் அவன் கையில் உள்ளன. வரம்பில்லாத வயலில் பெய்த மழை நில்லாது ஓடிவிடும்.

தொடங்குவோர் அனைத்தையும் ஒருங்கே மேற்கொண்டு சில நாளில் களைத்துப்போதல் வேண்டா. காலையில் கால்மணி நேரம், பகலில் ஒரு வேலையை ஒப்புக்கொடுத்தல், இரவில் மூன்று நன்றிகள், கிழமையில் ஒருவர்க்குத் தொண்டு என்னும் அளவே ஆறு மாதங்களுக்குப் போதும். இடையில் ஒருநாள் தவறின், மறுநாள் அமைதியாக மீண்டும் தொடங்கலாம்.