இயற்கைக்கு இடம் வலம் தெரியுமா?



நிலைக்கண்ணாடியின் முன் நின்று வலக்கையை உயர்த்தினால், கண்ணாடியிலுள்ள உருவம் இடக்கையை உயர்த்துகின்றது. இஃது யாவரும் அறிந்ததே. இதனை அடியாகக் கொண்டு பௌதிகவியலார் நெடுங்காலம் ஒரு நம்பிக்கையைப் பேணி வந்தனர். இயற்கையில் நிகழும் எதனையும் கண்ணாடியில் நோக்கினால், அங்கே தோன்றுவதும் இயற்கை விதிகளுக்கு அமைந்த நிகழ்ச்சியாகவே இருத்தல் வேண்டும். இடம், வலம் என்று வேறுபாடு காட்டுவது மனிதரின் பழக்கமேயன்றி இயற்கையின் பழக்கமன்று என்பதே அந்நம்பிக்கை. வீழும் கல்லிலும், கோள்களின் ஓட்டத்திலும், மின்னிலும் ஒளியிலும் அது பொய்க்கவில்லை. பொய்க்காத ஒன்றைச் சோதித்துப் பார்க்க யார்தாம் முற்படுவர்?

1956 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பணியாற்றிய லீ, யாங் என்னும் சீன அறிஞர் இருவர் ஓர் ஐயத்தைக் கிளப்பினர். சில அணுக்களின் கரு தானாகவே மாற்றமடைந்து, ஓர் இலத்திரனையும், கருவிகளுக்கு எளிதில் அகப்படாத மற்றொரு நுண்துணிக்கையையும் வெளியே வீசுகின்றது. இதற்குப் பீற்றாத் தேய்வு என்று பெயர். இதனைப் பற்றிப் பல்லாண்டுகளாக நடைபெற்ற பரிசோதனைகளை அவ்விருவரும் ஆராய்ந்தபோது, இடவலச் சமச்சீர் இங்கே உண்டென நிறுவும் சான்று ஒன்றேனும் அவற்றில் இல்லையென்று கண்டனர்.

சோதனையை மேற்கொண்டவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூ அம்மையார். 1936 இல் சீனாவை விட்டு வந்த அவர், இருபது ஆண்டுகளின் பின்னர் கணவருடன் ஐரோப்பாவுக்கும் கீழைநாடுகளுக்கும் கப்பற் பயணம் செய்ய ஒழுங்கு செய்திருந்தார். பிறர் முந்திக்கொள்ளு முன் சோதனையைச் செய்துவிட வேண்டுமென்று தாம் தங்கிவிட, கணவர் தனியே சென்றார். அம்மையார் சீனப் பெருநிலத்தை மீண்டும் கண்டது 1973 இல். அதற்குள் பெற்றோர் இருவரும் காலமாகியிருந்தனர்.

சோதனையின் உட்பொருளை ஒரு பம்பரத்தைக் கொண்டு விளக்கலாம். மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழலும் பம்பரத்தின் அருகே கண்ணாடியொன்றை நிமிர்த்தி வைத்தால், உள்ளே தெரியும் பம்பரம் வலஞ்சுழியாகச் சுழலும். மேல், கீழ் என்பனவோ மாறுவதில்லை. அணுக்கருவும் பம்பரம் போன்று சுழல்வது. இடஞ்சுழியாகச் சுழலும் கரு இலத்திரன்களைக் கீழ்நோக்கியே மிகுதியாக வீசுமாயின், கண்ணாடிக்குள் வலஞ்சுழிக் கருவும் அவற்றைக் கீழ்நோக்கியே வீசக் காண்போம். உண்மையான வலஞ்சுழிக் கருவும் அவ்வாறே செய்கின்றதா? இதுவே கேள்வி.

கோடானுகோடி கருக்களை ஒரே திசையில் நிறுத்துவது எளிதன்று. வெப்பத்தினால் ஏற்படும் நடுக்கம் அவற்றைக் கலைத்துவிடும். எனவே, வாசிங்டனில் கடுங்குளிர் ஆய்வில் வல்லவரான அம்பிளரும் அவர்தம் குழுவினரும் துணைபுரிந்தனர். சீரியம் மகனீசியம் நைத்திரேற்று என்னும் உப்பின் பளிங்கின்மேல் கதிர்த்தொழிற்பாடுள்ள கோபாற்று 60 மெல்லிய படையாக இடப்பட்டது. பளிங்கு, சதம அளவையில் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 273 பாகையாகிய குளிரெல்லைக்குமேல், ஒரு பாகையின் நூறிலொரு பங்கு அளவுக்குக் குளிர்விக்கப்பட்டது. காந்தமண்டலம் கருக்களை வரிசைப்படுத்தியது. இடஞ்சுழிக் கருக்கள் இலத்திரன்களைக் கீழ்நோக்கி மிகுதியாக வீசின. காந்தமண்டலத்தைத் திருப்பிக் கருக்களை வலஞ்சுழியாக்கியபோதோ, மேல்நோக்கி மிகுதியாக வீசின. சில நிமிடங்களில் பளிங்கு வெப்பமேற, வேறுபாடும் மறைந்தது. அம்மறைவே, வேறுபாட்டுக்குக் காரணம் கருவின் சுழற்சியேயன்றிக் கருவியின் பிழையன்று என்பதற்குச் சான்று.

1957 சனவரியில் செய்தி பரவியது. இடவலச் சமச்சீர் முறியாதென்று பெருந்தொகை பந்தயம் கட்டவும் ஆயத்தமாயிருந்தவர் பேரறிஞர் பௌலி. பந்தயம் பிடிக்க ஒருவரும் அகப்படாதது அவர் நற்பேறு! அவ்வாண்டே லீ, யாங் இருவருக்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. கையால் உழைத்துக் காட்டிய அம்மையாருக்கு அதிற் பங்கில்லை. அது நேர்மையான தீர்ப்பென்று கூற என் மனம் ஒப்பவில்லை. 1978 இல் வுல்பு பரிசு அவருக்குக் கிடைத்தது.

இதனுடன் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பீற்றாத் தேய்வை நிகழ்த்தும் விசை முற்றிலும் இடக்கைப் பழக்கமுடையது என்பது இன்றைய கொள்கை. வலக்கை விசை ஒன்று மிகச் சிறிய அளவில் மறைந்திருக்குமாயின், அளவீட்டின் கடைசி இலக்கங்களிலேதான் அது தென்படும். ஆதலால், கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள திரையம்பு ஆய்வுகூடத்தில், ஒரு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட அரைவாழ்வுடைய பொற்றாசியம் 37 அணுக்களை ஒளியாலும் காந்தத்தாலும் வெற்றிடத்தில் பிடித்து வைத்து, நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் ஒரே திசையில் சுழலச் செய்தனர். அவை வீசும் நேரேற்றத் துணிக்கைகளின் திசை வேறுபாடு 2018 இல் வெளியிடப்பட்டது. அதனைக் குறிக்கும் எண் 0.5707, கொள்கை கூறும் எண் 0.5706. அளவீட்டின் ஐயப்பாடு ஆயிரத்தில் மூன்று பங்கு. அவ்வளவு நுண்மையிலும் வலக்கை விசையின் சுவடு தென்படவில்லை. அதனினும் நுண்ணிய அளவீடுகளே இனித் தேவைப்படுவன.