ஆட்டுக்கால் சூப்பும் எலும்பு முறிவும்

எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போடப்பட்டவருக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். எலும்பு முறிவுப் பிரிவில் காலை வேளையில் தூக்குவாளி இல்லாத கட்டிலைக் காண்பது அரிது. இவ்வழக்கத்தில் தவறில்லை. சூப் ஒன்றே எலும்பைச் சேர்த்துவிடும் என்று நம்பிப் பிற உணவைக் குறைத்துவிடுவதே கவலைக்குரியது.

ஆட்டுக்காலை நெடுநேரம் வேகவைக்கும்போது தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் ஜெலட்டினாக மாறி நீரில் கரைகிறது. குளிர்ந்த சூப் கூழ்போல் உறைவது இதனால்தான். கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டியதில்லை. எலும்பிலுள்ள கால்சியமோ அவ்வாறு எளிதில் கரைவதில்லை. தக்காளி சேர்த்தாலும் நீரில் இறங்கும் அளவு சிறிதே. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. ஒரு குவளை சூப்பில் கிடைப்பது இவற்றின் சிறு பங்கேயாகும். ஜெலட்டினும் முழுமையான புரதம் அன்று. டிரிப்டோபன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் இல்லை. எனவே சூப்புடன் முட்டை, பால், பருப்பு, மீன், கேழ்வரகு ஆகியவற்றையும் கொடுத்தல் வேண்டும். பசி மந்தமாக இருப்பவருக்குச் சூடான, மணமுள்ள சூப் உணவில் விருப்பத்தை உண்டாக்கும். அதன் உண்மையான பயன் அதுவே.

நெருப்பில் வாட்டிச் சுத்தம் செய்த 4 ஆட்டுக்கால்களை மஞ்சள்தூள் கலந்த நீரில் கழுவி, 2 லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு, மேலெழும் நுரையை அகற்றவும். நசுக்கிய இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், சிறிது மஞ்சள்தூள் சேர்த்து, பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடவும். மிளகு, சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவற்றை ஒன்றிரண்டாகப் பொடித்து, கறிவேப்பிலையுடன் இறுதியில் சேர்த்தால் மணம் குன்றாது. உப்பையும் இறுதியிலேயே, குறைவாகச் சேர்க்கவும். ஒரு நாளின் மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருத்தல் நலம்.

காலையில் வைத்த சூப்பை மாலைவரை அடுப்படியிலேயே வைத்திருத்தல் கூடாது. சில நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதிநிலையிலும் அழியாமல், சூப் மெல்ல ஆறும்போது பெருகும். எஞ்சியதைச் சிறு பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். மேலே உறையும் கொழுப்பை நீக்கி, நன்கு கொதிக்கவைத்தே பருகவும்.

சிறுநீரக நோய், யூரிக் அமில மூட்டுவலி, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரிடம் கேட்ட பின்னரே அருந்த வேண்டும். 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு நீர்த்த சூப்பை உணவாக ஊட்டினால், வயிறு நிரம்புமேயன்றிப் போதிய சத்துக் கிடைக்காது. தாய்ப்பாலுடன் குழைத்த சோறு, பருப்பு, மசித்த முட்டை ஆகியவற்றை ஊட்டுக.