பழம் அமெரிக்க நூல்களும் நம் சபை அலமாரிகளும்

அமெரிக்க நாட்டில் தொடக்க காலத்தில் அச்சேறிய அரிய நூல்களுள் "இந்தியா கிறிஸ்தியானா" என்பது ஒன்று. பாஸ்டன் நகரப் போதகர் காட்டன் மேதர் அதனை 1721ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நாட்டுப் பழங்குடியினரிடையே நடைபெற்ற நற்செய்திப் பணியைக் குறித்த சிறு நூல் அது. ஆயினும் நம் தரங்கம்பாடிக்கும் பாஸ்டனுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தும் அதில் இடம்பெற்றுள்ளது. மேதர் சீகன்பால்குவுக்கு எழுதினார். விடை விடுத்தவர் க்ருண்ட்லர். சீகன்பால்கு 1719இலும் க்ருண்ட்லர் 1720இலும் மரித்தமையால், நூல் வெளிவந்தபோது இருவருமே உயிரோடில்லை. தமிழ்த் திருச்சபை வரலாற்றின் சான்றொன்று இவ்வாறு அமெரிக்க நூலொன்றில் அடங்கிக் கிடக்கிறது.

இத்தகைய நூல்களைத் தேடிச் சேர்த்தல் செல்வந்தரின் பொழுதுபோக்கு என நாம் எண்ணிவிடலாகாது. அந்நாட்டில் இதற்கு முன்னோடியாக விளங்கியவர் தாமஸ் பிரின்ஸ் என்னும் போதகரே. பாஸ்டனிலுள்ள ஓல்ட் சவுத் சபையின் ஆயராகிய அவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் 1758இல் இறக்கும்போது தம் சபைக்கே விட்டுச்சென்றார். கோபுர அறையில் கிடந்த அச்செல்வம் பின்னர்ப் பட்ட பாடு பெரிது. பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை வில்லியம் பிராட்ஃபோர்ட் தம் கைப்பட எழுதிய படி எவ்வாறோ கடல் கடந்து, இலண்டன் பேராயரின் நூலகத்தில் 1855இல் இனங்காணப்பட்டது. அது தாயகம் திரும்பியது 1897இல்தான்.

அதே சபையிடம் 1640இல் அச்சான சங்கீதப் புத்தகத்தின் இரு படிகள் இருந்தன. உலகில் எஞ்சியுள்ளவை மொத்தம் பதினொன்றே. அவற்றுள் ஒன்றைச் சபையார் 2013ஆம் ஆண்டில் ஏலத்தில் விற்றனர். விலை ஒரு கோடியே நாற்பது இலட்சம் டாலருக்கும் மேல். ஆலயத்தைப் பழுதுபார்க்கவும் ஊழியத்துக்கும் பணம் தேவைப்பட்டது உண்மையே. எனினும் ஆயர் ஒருவர் நம்பி ஒப்படைத்ததை விலை பேசலாமா என்ற வினா அச்சபையிலேயே எழுந்தது. என் மனம் விற்க மறுத்தோர் பக்கமே சாய்கிறது. இரண்டாம் படி இருந்தமையால் விற்றோரையும் நான் முற்றிலும் குறைகூறேன்.

நம்மிடையே அமெரிக்கர் அச்சிட்டவை எவை? 1820இல் யாழ்ப்பாணம் வந்த காரெட் என்னும் அச்சுத் தொழிலாளரை ஆங்கில ஆட்சியினர் தங்கவிடாது வெளியேற்றினர். ஆகவே 1834ஆம் ஆண்டில்தான் மைனர் என்பவரின் பொறுப்பில் மானிப்பாயில் அச்சுப்பணி தொடங்கலாயிற்று. "உதயதாரகை" 1841இல் அங்கிருந்தே வெளிவந்தது. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் 1838இல் ஏற்பட்டது. அங்கு ஹண்ட் என்பாரின் கைத்திறத்தால் தமிழ் எழுத்துகள் புதுப்பொலிவு பெற்றன. அறுபத்தேழாயிரத்துக்கும் மிகுந்த சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் அவ்வச்சுக்கூடத்திலேயே அச்சாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஆதலின், மானிப்பாய்த் துண்டுப்பிரசுரம் ஒன்று இக்கரையில் ஏதேனும் ஒரு சபையின் அலமாரியில் கிடக்குமாயின், அதன் அருமை முன்னிலும் பன்மடங்காகும்.

குரோம்பேட்டை முதல் தாம்பரம் வரையுள்ள பகுதிகளில் ஓய்வுபெற்ற ஆயர்கள் பலர் குடியிருக்கின்றனர். ஆயர் ஒருவர் மறைந்தபின் வீட்டை மாற்றும் பிள்ளைகள், அவருடைய நூல்களை ஜி.எஸ்.டி. சாலையோரப் பழைய பேப்பர் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடுகின்றனர். சீகன்பால்கு ஓலைச்சுவடிகளைத் தேடியபோது, இறந்தோருடைய விதவையர் வீடுகளுக்கு ஆள் அனுப்பி வாங்கினார். அவ்வழி நமக்கும் ஏற்றதே. துக்கம் விசாரிக்கச் செல்லும் ஆயர், சில நாள் கழித்து நூல்களைப் பற்றியும் கனிவோடு கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடியே ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூல்களைச் சேர்த்தார். அவர் 1983இல் மறைந்தபின், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கியும் தன் நாட்டுக்குக் கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. அந்நூலகம் இன்று நமக்கு அண்மையிலுள்ள தரமணியில் இருக்கிறது.

கையில் கிடைத்த நூலின் முகப்புத்தாளை முதலில் நோக்குக; அச்சுக்கூடம், ஊர், ஆண்டு ஆகியவை அங்கேதான் இருக்கும். கிழிந்த தாளைச் செல்லோடேப்பால் ஒட்டலாகாது. நாளடைவில் அதன் பசை தாளையே கெடுத்துவிடும். பைண்டிங் செய்பவர் ஓரங்களை வெட்ட இடங்கொடாதீர். வெற்றுத் தாள்களில் ஞானஸ்நானமும் மரணமும் குறித்து எழுதப்பட்டிருப்பின், அச்செழுத்தைவிட அக்கையெழுத்தே சில வேளை விலைமதிப்புடையது. நூல் யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்ததென்பதைப் பென்சிலால் குறித்துவைத்தல் வேண்டும், மை ஆகாது. சபைப் பதிவேடுகளையோ எவருக்கும் இரவல் கொடுத்தல் தகாது. அவற்றைப் படமெடுத்து, ஒரு படியை இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, மூலத்தைச் சபையின் பூட்டிய பெட்டியிலேயே வைத்திருக்கலாம். திறவுகோல் ஆயரிடம் ஒன்றும் சபைச் செயலரிடம் ஒன்றுமாக இருக்கட்டும்.