பாதி வண்டியாகப் பிறந்தது

கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடம் வழியாகப் போகிற டாடா 407-களை முன்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம்தான். பின்பக்கம் போனால் கதை வேறு. ஒன்றில் இரும்புக் கூண்டுகள் அடுக்கடுக்காகக் கேபினுக்கு மேலே எழும்பி நிற்கும். கோழி வண்டி என்று கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். இன்னொன்றில் தட்டையான தளம், அதன்மேல் பாவு சுற்றிய பீம்கள் உருளாமல் இருக்க ஆங்கிள் இரும்பில் அடித்த தாங்கிகள். மூன்றாவதில் தார்ப்பாய் போர்த்திய உயரமான கூடு, உள்ளே திருப்பூருக்குப் போகிற பின்னல் துணி ரோல்கள். இந்த முதுகுகளில் பெரும்பாலானவை பட்டறையில் கட்டியவை. டாடா தொழிற்சாலைக்கு அவற்றில் பங்கு இல்லை. சரக்கு வண்டியின் பாடியைத் தீர்மானிக்க வேண்டியது அது சுமக்கும் சரக்குதான், வண்டியைத் தயாரித்த நிறுவனம் அல்ல என்பது இந்தக் கட்டுரையின் வாதம். நம் சட்டமோ தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, சேஸிஸை அறுத்து நீட்டுகிறவரையும் சேஸிஸைத் தொடாமல் மேலே கூண்டு கட்டுகிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

407 பிறந்த கதையே இதற்கு முதல் சாட்சி. 1980-களின் நடுவில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐச்சர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்தா என்று ஜப்பானியக் கூட்டோடு நான்கு இலகு ரக லாரிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றை எதிர்கொள்ள டாடா 1986-ல் இறக்கிய சொந்தத் தயாரிப்புதான் 407. அந்த நான்கு ஜப்பானியப் பெயர்களும் இன்று அந்த வண்டிகளின் நெற்றியில் இல்லை. 407 என்ற எண் இன்னும் விற்பனையில் இருக்கிறது. விலையும் உதிரிபாகமும் மைலேஜும் அதற்குக் காரணங்கள் என்பார்கள், சரிதான். ஆனால் கேபினும் சேஸிஸுமாக, முதுகில்லாத பாதி வண்டியாகவும் அதை வாங்க முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் தனக்கு வேண்டிய மீதியைக் கட்டிக்கொண்டார். ஆம்புலன்ஸ், பள்ளி வேன், தண்ணீர் டேங்கர், போலீஸ் வேன் எல்லாம் அப்படி வந்தவை. டாடாவே அந்த வேலையைத் தன் கூரைக்குள் செய்திருக்கிறது. 1988-ல் பிக்கப்பாக வந்த டாடாமொபைலின் அடித்தளத்தில்தான் 1991-ல் சியராவும், 1992-ல் எஸ்டேட்டும், 1994-ல் சுமோவும் எழுந்தன. ஒரே எலும்புக்கூட்டின்மேல் நான்கு உடல்கள். தொழிற்சாலைக்குள் நடந்தால் அதற்குப் பெயர் பொறியியல்; பட்டறையில் நடந்தால் மட்டும் அது ஏன் குற்றத்தின் வாசனையோடு பேசப்படுகிறது?

பட்டறைக்கு வேலை கொடுப்பது பல்லடத்தின் சரக்குதான். அழகு பார்த்து யாரும் இங்கே பாடி கட்டுவதில்லை. விசைத்தறிக்குப் போகும் பாவை எடுத்துக்கொள்வோம். சைசிங் மில்லில் கஞ்சி ஏற்றிய ஆயிரக்கணக்கான இழைகள் பக்கம் பக்கமாக ஒரு இரும்பு உருளையில் சுற்றப்பட்டுத் தறிக் குடோனுக்கு வருகின்றன. இரண்டு முனையிலும் வட்டத் தகடு இருக்கும். எடை அதன்மீது நிற்கலாம், நூல்மீது நிற்கக் கூடாது. சுற்றிய நூலில் ஓர் இடம் நசுங்கினாலும் உரசினாலும் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும், கூலிக்குக் காடாத் துணி ஓட்டுகிறவருக்கு அன்றைய நேரம் போச்சு. ஆகவே தளத்தில் தாங்கி வேண்டும், ஏற்றி இறக்கப் பக்கம் திறந்திருக்க வேண்டும். பின்னல் துணிக்கு இதற்கு நேர்மாறு. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங் என்று துணி ஜாப் ஒர்க்கில் ஊர் சுற்றுகிறது. ஒவ்வொரு நடையிலும் மழையும் துருக்கறையும் படாமல் மூடிய கூடு வேண்டும், தரையில் ஆணித்தலைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கோழிக்கு வந்தால் இரண்டுமே உதவாது. உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்தில் 1990-களிலிருந்து வேரூன்றிய ஒப்பந்தப் பண்ணை முறைதான் இங்கே கறிக்கோழியை ஒரு பெருந்தொழிலாக்கியது. பல்லடத்திலுள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிற அளவுக்கு ஊரின் பெயர் இதில் ஊறிப்போயிருக்கிறது. உயிரோடு போகும் சரக்கு இது. விலங்குகள் போக்குவரத்து விதிகளில் 2001-ல் சேர்ந்த கோழிக்கான பகுதி, 25 டிகிரிக்கு மேலும் 15 டிகிரிக்குக் கீழும் கோழிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது. சித்திரை வைகாசியில் பல்லடத்துப் பகலுக்கும் அந்த 25-க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரவில் ஓட்டுவதும் கூண்டுக்குக் கூண்டு காற்றுப் புக இடம்விட்டுக் கட்டுவதும் அதனால்தான். எச்சமும் கழுவுநீரும் தேங்கினால் தகடு கொஞ்ச காலத்தில் அரித்துப்போகும். தளத்துக்குச் சரிவும் வடிகாலும் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வருகிற சாதாரணத் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு இதில் எதைச் செய்ய முடியும்?

நல்ல பட்டறைக்கு இந்தத் தேவைகளோடு சேஸிஸின் குணமும் தெரிந்திருக்கும். லாரியின் சேஸிஸ் விறைப்பாக நிற்பது போலத் தெரிந்தாலும், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அதன்மேல் கட்டிய பாடி வளைந்து கொடுக்காமல் இறுகி நின்றால் முறுக்கு முழுவதும் ஒரே இடத்தில் போய்ச் சேரும், பெரும்பாலும் கேபினுக்குப் பின்னால். விரிசல் அங்கே தொடங்கும். அதற்காகத்தான் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே நீளமாக மரக்கட்டையோ ரப்பரோ வைத்து, யூ போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது. வண்டித் தயாரிப்பாளர்கள் பாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேடுகள் வலியுறுத்துவதும் இதையே. பாடியின் ஒவ்வொரு கிலோவும் ஏற்றும் சரக்கிலிருந்து கழிகிறது என்பது இன்னொரு கணக்கு. கனமான சேனலைப் போட்டு ‘ஸ்ட்ராங்கா’ கட்டிக் கொடுப்பது கைத்திறன் அல்ல. எங்கே இரும்பு வேண்டாம் என்று தெரிந்திருப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, 2000-ல் திருத்தப்பட்டபின், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரம் போகும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வாசகத்தை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்றது. எரிபொருள் மாற்றத்துக்கான அங்கீகரித்த கிட், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப மாற்றும் வண்டி, மத்திய அரசு தரும் விலக்கு என்று சில வாசல்கள் உண்டு. சேஸிஸாக வாங்கி, பாடி கட்டி, முதல் பதிவுக்குக் கொண்டுபோகிறவருக்கு ஒரு பாதை இருக்கிறது. மாட்டிக்கொள்கிறவர் இரண்டாம் உரிமையாளர். துணிக்குக் கட்டிய 407-ஐ, தறித் தொழில் சுணங்கிய வருஷத்தில் விற்கிறார்கள்; வாங்குகிறவர் கோழிக்காரர். வண்டி அதே, எஞ்சின் அதே, அச்சு அதே. முதுகு மட்டும் மாற வேண்டும். முதல் நாளில் பாடி கட்டுவது முறையானது என்றால், பத்தாவது ஆண்டில் அதே பாடியைக் கழற்றி வேறொன்று கட்டுவது எந்தப் பொறியியல் காரணத்தால் ஆபத்தாகிவிடுகிறது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

இந்தத் தொழிற்சாலை பக்தி பழைய வண்டிகளின் விஷயத்தில் இன்னும் வேடிக்கையாக வெளிப்படுகிறது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். 20,000 ரூபாய் கட்டணம், தனி எண் பலகை. ஆனால் சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, வணிகப் பயன்பாடும் கூடாது. 1986-ன் முதல் 407-க்கு 2036-ல் 50 வயது நிரம்பும். அப்போது உயிரோடு இருக்கிற வண்டி எதுவாக இருந்தாலும் அது உழைத்த வண்டியாகத்தான் இருக்கும். மூன்று முறையாவது முதுகு மாறியிருக்கும். மாளிகை ஷெட்டில் துணி போர்த்தி வைத்த கார் மரபுச் சின்னமாகும், ஒரு ஊரின் இரண்டு தொழில்களைச் சுமந்த லாரி ஆகாது. பாதி வண்டியாகப் பிறந்ததற்கு எந்த உடல் அசல் உடல்? கட்டப்பட்ட பாடிகளின் வரிசையைத் தவிர 407-க்கு வேறு வரலாறு கிடையாது.

வெளிநாட்டில் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? அமெரிக்காவில் பழைய ஃபோர்டு, செவர்லே பிக்கப்புகளின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினை மாற்றி, மினுமினுக்கப் பெயின்ட் அடித்து நிறுத்துவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. அந்த மோகம் நமக்கு முன்மாதிரி ஆக வேண்டியதில்லை. அங்கே வண்டி காட்சிப் பொருள், இங்கே சோறு. பிரிட்டன்தான் பார்க்கத் தகுந்தது. அங்கே நெடுங்காலம் நடந்த எட்டுப் புள்ளிக் கணக்கில் மாற்றாத சேஸிஸுக்கு ஐந்து புள்ளி, சஸ்பென்ஷன், அச்சு, கியர் தொகுதி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று. சேஸிஸின் ஐந்தையும் சேர்த்து எட்டு வந்தால் வண்டி தன் பழைய பதிவை வைத்துக்கொள்ள முடிந்தது. எட்டுக்குக் குறைந்தால் அந்த ஒற்றை வண்டியைச் சோதித்துத் தனி ஒப்புதல் தருகிற முறை இருந்தது. அடையாளம் சேஸிஸில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, மற்றவற்றை எடைபோட்டுப் பார்க்கும் ஏற்பாடு அது.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானது: பாடியை மாற்ற விட்டால் பக்கக் கதவை உயர்த்துவார்கள், உயர்த்தினால் அதிகச் சுமை ஏற்றுவார்கள், பட்டை முறியும், பிரேக் பிடிக்காது. இது கற்பனை இல்லை. உயரமாக அடுக்கிய கூண்டு வண்டியின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறது, வளைவில் அது சாயும் அபாயம் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதிகச் சுமைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 194-வது பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கேட்கிறது. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் துருத்தும் நீளம் இரண்டு அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மோட்டார் வாகன விதிகளில் அளவுகளும் உண்டு. தராசும் டேப்பும் போதும், பிரேக் இன்ஸ்பெக்டர் பிடித்துவிடலாம். அளந்து தடுக்கக்கூடியதை அளக்காமல் மொத்தமாகத் தடைசெய்தால், தடைக்கு வெளியே கட்டப்படும் பாடியை யாருமே அளப்பதில்லை. எஃப்.சி. தேதிக்குப் பழைய தொட்டியை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கூண்டை ஏற்றும் ஆசை பிறப்பதும் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது எதிர்ப்பு பட்டறைகளைப் பற்றியது. எல்லாப் பட்டறையும் ஒழுங்கல்ல. சேஸிஸிலேயே வெல்டிங் வைத்துவிட்டுப் பெயின்டில் மறைக்கிற இடமும் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதோடு 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் நிலைமை மாறியும் இருக்கிறது. பழைய 407-ல் தளத்துக்கு அடியில் இருந்தது குழாயும் கம்பியும் மட்டும். புதியதில் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள், சென்சார்கள், ஒயரிங் கட்டு. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் கன்ட்ரோல் யூனிட் போய்விடலாம். சூடாகும் கருவியை ஒட்டி மரமோ தார்ப்பாயோ வந்தால் தீ. ஆகவே புதிய வண்டிக்குக் கடுமையான விதியும், எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டிக்கு எளிய விதியும் இருப்பதே நியாயம். லாரி பாடிகளுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தரநிலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாதிரி செய்து சோதனை நிலையத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கும் முறை, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் கட்டுகிறவருக்குத் தோதானது. பீம் தாங்கி ஒன்று, கோழிக் கூண்டு ஒன்று என்று கட்டுகிற பல்லடத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் நானூறு கிலோமீட்டர் தாண்டி ஒரகடத்துச் சோதனை மையத்துக்கு ஓட முடியாது.

தொழிற்சாலைகளே இப்போது வகைவகையாகக் கொடுக்கின்றனவே என்பார்கள். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டி யானை, 2011-ல் அசோக் லேலண்ட் கொண்டுவந்த தோஸ்த், மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் எல்லாம் நீளம் குறைந்தும் கூடியும் கிடைப்பது உண்மைதான். அவை சந்தையின் பெரிய பகுதிக்குப் போதும். சைசிங் மில்லுக்கும் தறிக் குடோனுக்கும் நடுவே மட்டும் ஓடுகிற வண்டிக்காக எந்த நிறுவனமும் தனி அச்சு போடாது. போட்டாலும் கட்டுபடி ஆகாது. அந்த இடைவெளியில்தான் பட்டறைக்கு வேலை இருக்கிறது, அதற்குத்தான் ஒரு சிறிய அனுமதி முறை வேண்டும். சேஸிஸ், அச்சு, பிரேக், ஸ்டியரிங், விளக்குகள் தொடக்கூடாதவை என்று எழுதிவிடலாம். மேலே கட்டுவதற்கு வகைக்கு ஒரு வரைபடம்: கூண்டு பாடி, பீம் பாடி, மூடிய கூடு. கோவையில் ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் வரைந்து கொடுக்கட்டும், போக்குவரத்துத் துறை ஒருமுறை ஒப்புதல் தரட்டும். பட்டறை அந்த வரைபடப்படி கட்டியதாகக் கையெழுத்திட்டு, காலி எடை, உயரம், பின்நீட்டம், யூ போல்டுகளின் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் தரும், ஆர்.டி.ஓ. அலுவலகம் எடை மேடையில் நிறுத்திப் பார்த்துப் பதிவுச் சான்றில் ஏற்றும். வண்டி கைமாறும்போது அந்தத் தாளும் ஆர்.சி. புத்தகத்தோடு கைமாற வேண்டும். வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.