ஓடிய தூரமும் பேணிய கையும்

கொள்ளுப்பிட்டியின் வடபால், கடலை நோக்கி நிற்கும் காலிமுக ஹோட்டலில் சிறிய மோட்டார் வண்டியொன்று காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. அது 1935ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் நைன் என்னும் வகையைச் சேர்ந்தது. பிரித்தானிய இளவரசர் பிலிப், இளமையில் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்த காலத்தில், 1940இல் வாங்கிய வண்டி அது. காண்போர் வியந்து நிற்பர். ஆயின் அவ்வண்டி இன்று எவரையும் எங்கும் கொண்டு செல்வதில்லை. ஹோட்டல் வாயிலைக் கடந்து காலி வீதிக்கு வந்து சிறிது நேரம் நின்றால், நாற்பது ஆண்டு கண்ட பெரிய கார் ஒன்று, பேருந்துகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே தன் வேலையைத் தான் செய்துகொண்டு போவதைக் காணலாம். முன்னையது காக்கப்பட்ட பழமை. பின்னையது உழைக்கின்ற பழமை. ஈண்டு நாம் பேசப் புகுவது பின்னையதைப் பற்றியே.

தமிழ் படிப்பிப்பவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் வினவலாம். வினவுதல் முறையே. ஆயினும் இவ்விடயத்தில் யான் ஒருவருக்குத் தவறான புத்தி சொன்னவன். அதற்கு ஈடாகவேனும் பின்னர்க் கற்றுக்கொண்டதைச் சொல்லுதல் என் கடனாகின்றது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், உள்ள வண்டிகளையே கொண்டு நாடு ஓட வேண்டியதாயிற்று. சிறிய கார்களின் விலை நம்மனோர் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அதே வேளையில், ஒரு காலத்தில் பெருஞ்செல்வர் மட்டுமே ஏறிய ஆடம்பரக் கார்கள், பல ஆண்டும் பல இலட்சம் கிலோமீற்றரும் கடந்தவை, அச்சிறிய கார்களின் விலைக்கே, சில வேளை அதனினும் குறைந்த விலைக்கே விற்பனைக்கு வந்தன. நடுத்தரக் குடும்பத்தார் பலர் அவற்றின்பால் கண் வைத்தனர்.

அவர்களுள் ஒருவர் என்னோடு ஒரே பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். பணிக்கொடைப் பணம் கையில் இருந்தது. மனைவியாரை மாதந்தோறும் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஒரே கம்பனியார் ஒரே ஆண்டில் செய்த இரண்டு கார்களை அவர் பார்த்து வைத்திருந்தார். ஒன்று 280,000 கிலோமீற்றர் ஓடியது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓயாது பயணஞ் செய்த வணிகர் ஒருவருடையது. மற்றது 60,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது. உரியவர் வெளிநாட்டில் வாழ்ந்தமையால், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றின் வீட்டுக் கொட்டகையில் ஆண்டுக்கணக்காக நின்றது.

“பண்டிதர், எதை எடுக்கலாம்?” என்று கேட்டார்.

“மாஸ்டர், இதிலே யோசிக்க என்ன கிடக்கு? குறைய ஓடினதை எடுங்கோ,” என்றேன்.

அவர் எடுத்தார். எட்டு மாதத்துக்குள் அக்கார் அவருடைய சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. முதலில் தண்ணீர்க் குழாய் வெடித்து எஞ்சின் கொதித்தது. அடுத்துக் கியர்ப்பெட்டியின் றப்பர் அடைப்புகள் இறுகி எண்ணெய் ஒழுகிற்று. பின்னர்ப் பிறேக் பிடித்த பிடி விடாமல் இறுகிக்கொண்டது. அடித்தகட்டைத் தட்டிப் பார்த்த மெக்கானிக்கின் விரலோடு துரு உதிர்ந்து வந்தது. மீற்றர் பொய் சொல்லவில்லை. கார் மெய்யாகவே 60,000 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது. பொய்த்தது என் கணக்கு. மற்றக் காரை வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். அஃது இன்றும் யாழ்ப்பாணம் போய் வருகிறது.

இது நிகழ்ந்ததன் காரணத்தை அறிய வேண்டும் என்னும் அவா எனக்கு அதன் பின்னரே உண்டாயிற்று. விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன்.

கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரத்தில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர், 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பென்ஸ் 240டி என்னும் டீசல் காரை 1981இல் வாங்கினார். வாங்கும்போதே அது 220,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. அதனை அவர் 46 இலட்சம் கிலோமீற்றர் வரை ஓட்டினார். பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பன்னிரண்டு முறை அளந்தால் எவ்வளவோ அவ்வளவு அது. 2004இல் அதனைச் செய்த நிறுவனமே புதுக்கார் ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுத் தன் காட்சிச்சாலையில் வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் லோங் ஐலண்டைச் சேர்ந்த இர்வ் கோர்டன் என்பவர் 1966இல் வாங்கிய வொல்வோ காரில் 2013ஆம் ஆண்டு முப்பது இலட்சம் மைலைக் கடந்தார். அஃது இரண்டு கதவு மட்டுமே உடையது. நாம் பேசும் பெரிய கார் வகையதன்று. ஆயினும் அவரைக் குறிப்பிடாது விட மனம் வரவில்லை. ஏனெனில் அவர் நம்மவர். விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலை ஆசிரியர். இரகசியம் யாதென்று கேட்டோர்க்கு அவர் கூறிய விடை, காரோடு வந்த கைந்நூலில் சொன்னபடி நடந்தேன் என்னும் கருத்தினதே.

ஓடுவதால் வண்டி தேயும் என்பது மெய். நிற்பதாலும் வண்டி கெடும் என்பதும் அதேயளவு மெய். எஞ்சினில் மிகுதியான தேய்வு, அது குளிர்ந்த நிலையில் தொடங்கும் பொழுதிலும் சூடேறும் முன்னரும் உண்டாகின்றது. கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும் கார், எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்னரே நிறுத்தப்படுகின்றது. எண்ணெயில் கலந்த நீராவியும் பெற்றோலும் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கின்றன. நெரிசலில் நின்றபடியே எஞ்சின் உழைத்த மணிகளையும் மீற்றர் எண்ணுவதில்லை. யாழ்ப்பாணம் நோக்கி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஒரே சீராக ஓடும் காருக்கு இக்கேடுகள் குறைவு. பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஓடினும் ஓடாவிடினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றத் தக்கது. றப்பர், தூரத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் வெடிக்கும். கடலின் உப்புக்காற்றோ இரவும் பகலும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். நம் பகுதியில் நிற்கும் கார், நின்றபடியே மூப்படைகின்றது.

இனி, பழைய ஆடம்பரக் கார்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1976 தொடக்கம் 1986 வரை செய்யப்பட்ட பென்ஸ் டபிள்யூ 123 என்னும் வகை ஏறத்தாழ 27 இலட்சம் வெளிவந்தது. அதன் டீசல் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆகியது; எரிபொருளைச் செலுத்தும் பம்பியும் மின்னணுவின் துணை வேண்டாதது. சாவியைத் திருப்பினால் அதனை நிறுத்துவதும் மின்சாரமன்று, காற்று உறிஞ்சும் குழாயே. அக்குழாயில் ஓட்டை விழுந்தால் சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். குறைதான், ஆயினும் கண்ணாற் கண்டு கையாற் திருத்தத்தக்க குறை.

பின் வந்தவற்றின் நிலை வேறு. 1990களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட பென்ஸ் கார்கள் சிலவற்றில் எஞ்சின் மின்கம்பிகளின் மேலுறை வெப்பத்தால் உலர்ந்து உதிர்ந்தது. 2001 தொடக்கம் அந்நிறுவனத்தின் உயர்தரக் கார்கள் சிலவற்றில் மின்னணுவால் ஆளப்படும் பிறேக் முறை பொருத்தப்பட்டது. அதன் பம்பி தான் இயங்கிய தடவைகளைத் தானே எண்ணி வைத்து, குறித்த எண்ணிக்கை கடந்ததும் மாற்றச் சொல்லி எச்சரிக்கும். 2004இலும் 2005இலும் அக்கார்கள் பெருந்தொகையாகத் திருத்தத்துக்கு மீள அழைக்கப்பட்டன. 2006இல் ஈ வகைக் கார்களில் அம்முறை கைவிடப்பட்டது. இத்தகைய காரை வாங்குவோன் ஓடிய தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பம்பி மாற்றப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். கியர்ப்பெட்டி எண்ணெயின் கதையும் இதுவே. கார் உள்ள காலமெல்லாம் மாற்ற வேண்டா என்று விற்போர் சொல்வதுண்டு. அப்பெட்டிகளைச் செய்யும் ஸெட்.எப். நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றுக என்கிறது.

எளிய அமைப்பும் தேர்ந்த கையும் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நம்மவர் வாழ்விலேயே சான்று உண்டு. 1990 தொடக்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அவ்வெஞ்சின்களின் அமுக்கம் குறைவாதலின் அது இயன்றது. மாப்பிள்ளையும் நோயாளியும் அவற்றிலேயே சென்றனர். அவை ஆடம்பரக் கார்கள் அல்ல. ஆயினும், ஒரு வண்டியின் ஆயுள் அதன் பெயரில் இல்லை, அதனை அறிந்த மெக்கானிக்கிடத்து உண்டு என்பதை அவை கற்பித்தன.

வாங்குவோர் மறக்கும் மற்றொன்று உண்டு. பெரிய காரின் விலை காலத்தால் வீழும். அதன் உதிரிப்பாகங்களின் விலை அவ்வாறு வீழ்வதில்லை. செல்வன் ஒருவன் கட்டிய மாளிகையைக் குறைந்த விலைக்கு வாங்கினும் அதன் கூரை மாளிகைக் கூரையே. ஓடு மாற்றும் செலவும் அதற்கேற்றதே. பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் கழற்றிய பாகங்கள் கிடைக்கும். ஆயின் அவையும் ஓடிக் களைத்தவையே. எரிபொருட் செலவும் அவ்வாறே. 2022 யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. சிறிய காருக்கும் பெரிய காருக்கும் அளவு ஒன்றே. பெரிய காரின் பசி மட்டும் பெரிதாயிற்று.

ஆகவே வாங்க எண்ணுவோர்க்கு யான் இன்று சொல்வது இது. மீற்றரை முதலிற் பாராதீர்; பற்றுச்சீட்டுக் கோவையைப் பாருங்கள். எண்ணெய் எப்போது மாற்றினர், எவர் மாற்றினர் என்னும் வரலாறு இல்லாத காருக்கு மீற்றர் எண்ணும் இல்லை என்றே கொள்ளுங்கள். அவ்வெண்ணைத் திருத்துவோரும் உளர். தேய்ந்த மிதிகட்டையும் வழுவழுத்த சுக்கானும் குறைந்த எண்ணுக்கு எதிர்ச்சாட்சி கூறும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று தொடக்கிப் பாருங்கள். அடித்தகட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆண்டு அனுமதிப்பத்திரத்துக்காகப் பெறும் புகைச்சோதனைச் சான்று பிறேக்கைச் சோதித்த சான்று அன்று என்பதை மறவாதீர். அவ்வகைக் காரை நன்கறிந்த மெக்கானிக் ஒருவரை வாங்கும் முன்னரே தேடிக்கொள்ளுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடாது, ஒரு பங்கைத் திருத்தத்துக்கென ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க இயலாதாயின் அக்கார் உங்களுக்கு உரியதன்று.

திருக்குறளில் பழைமை என்று ஓர் அதிகாரம் உண்டு. அது வயதைப் பற்றியதன்று. நெடுநாட் பழகிய நட்பின் உரிமையைப் பற்றியது. காருக்கும் இச்சொல்லை அப்பொருளிலேயே வழங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டு கடந்தது பழையது. அறிந்து பழகப்பட்டதே பழைமையுடையது. ஆடிவேல் விழாவில் புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து பம்பலப்பிட்டிக்கு வெள்ளித் தேர் காலி வீதி வழியே வரும்போது, அது எத்தனை மைல் ஓடியது என்று எவரும் கேட்பதில்லை. பேணுவோர் உளர் என்னும் நம்பிக்கையே கேளாமைக்குக் காரணம். அந்தக் கிரேக்கரின் காரிலும் எஞ்சின் பன்முறை மாற்றப்பட்டது. மாறாதிருந்தது பேணிய கை ஒன்றே.

ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் தம் காரைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். சென்ற மாதம் 100ஆம் இலக்கப் பேருந்தில் மனைவியாரோடு அவரைக் கண்டேன். என் புத்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், “பண்டிதர், கணக்குப் படிப்பிச்ச நான் உங்களிட்டைக் கணக்குக் கேட்டது என்ரை பிழை,” என்று சிரித்தார். பிழை அவருடையதன்று. அவர் கேட்டது காரைப் பற்றி; யான் விடை சொன்னது எண்ணைப் பற்றி.