டின்பால் குண்டும் பால்மா வரிசையும்

1971 ஏப்ரலில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று, காலி டின்பால் டப்பா. உள்ளே வெடிமருந்தை அடைத்தால் அது கைக்குண்டு. 51 ஆண்டு கழித்து, 2022இல், அதே நாட்டில் ஒரு பைக்கட் பால்மாவுக்காகத் தாய்மார் விடியுமுன்பே கடைவாசலில் வரிசை கட்டினார்கள். டின்பால் குண்டுக்கு அசையாத ஆட்சி, பால்மா வரிசைக்கு ஆடிப்போனது. இரண்டு காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஏன் என்று விளங்கும்.

அன்று, ரோஹண விஜேவீர 1965இல் தொடங்கிய மக்கள் விடுதலை முன்னணி, அதாவது ஜே.வி.பி., ஐந்து வகுப்புகளில் புரட்சியைச் சொல்லிக்கொடுத்தது. அதில் ஒரு வகுப்பு இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் அங்கே இந்தியாவின் கையாட்களாகக் காட்டப்பட்டார்கள். நாட்டிலேயே மிகக் குறைந்த கூலிக்கு உழைத்த மக்களை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுத்தான் பாட்டாளிப் புரட்சி புறப்பட்டது.

ஏப்ரல் 5 இரவு நாடெங்கும் பொலிஸ் நிலையங்களை ஒரே நேரத்தில் தாக்குவது திட்டம். வெல்லவாயவில் இருந்தவர்கள் அன்று விடியற்காலையிலேயே தாக்கிவிட்டார்கள். குட்டு உடைந்தது, அரசு விழித்துக்கொண்டது. விஜேவீரவோ மார்ச்சிலேயே பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அவரை மீட்கப் போனவர்களும் தோற்றார்கள். 90க்கும் மேற்பட்ட பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன, சில ஊர்கள் சில வாரம் கிளர்ச்சிக்காரர் கையில் இருந்தன. கொழும்பு மட்டும் அசையவில்லை.

நேரம் பிசகியதுதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு அப்போது ஓராண்டுகூட நிறையாத அரசு, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு வந்தது. பழைய இடதுசாரிக் கட்சிகளும் அவற்றின் தொழிற்சங்கங்களும் அரசின் பக்கம். வெளியிலிருந்து பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்றும் உதவின. அதே ஆண்டு டிசம்பரில் தமக்குள் போர் செய்த இந்தியாவும் பாகிஸ்தானும்கூட உதவின. சிப்பாய்க்குச் சம்பளம் வந்தது, கடையில் அரிசி இருந்தது. அரசின் உத்தரவை மறுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அரசுக் கணக்கிலேயே 1,000க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மற்றவர்கள் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து இரண்டாம் கிளர்ச்சி. இம்முறை ஜே.வி.பி. கடையை மூடு, வேலைக்குப் போகாதே என்று துண்டுக் கடிதத்தில் கட்டளையிட்டது. மீறியவர்களைக் கொன்றது, மாற்றுக்கருத்துள்ள இடதுசாரிகளையும் கொன்றது. அரசு பதிலுக்கு இளைஞர்களை டயரில் எரித்தது, ஆறுகளில் பிணங்களை மிதக்கவிட்டது. பல்லாயிரம் உயிர் போனது. 1989 நவம்பரில் விஜேவீரவும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மக்களின் பெயரால் நடந்த கிளர்ச்சிக்கு மக்களே பயந்தால், அரசுக்குப் பாதி வேலை மிச்சம்.

இனி 2022க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. வரிசையில் டாக்டரும் நின்றார், முச்சக்கரவண்டிக்காரரும் நின்றார். தடுப்பு வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற சிப்பாயின் வீட்டிலும் காஸ் இல்லை. கொழும்புக் காலிமுகத்திடலில், ஜனாதிபதி கோட்டாபயவைப் போகச் சொல்லும் ‘கோட்டா கோ கம’ என்ற கூடார ஊர் முளைத்தது. நூலகம், பொதுச் சமையல் எல்லாம் இருந்தன. பிடித்து உள்ளே போட ஒரு தலைவர் மட்டும் இல்லை. தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. மே 18இல், போரின் இறுதியில் மாண்ட தமிழரை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே பரிமாறப்பட்டது.

ஜூலை 9இல் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. நீச்சல் குளத்தில் குதித்த படங்களை உலகமே பார்த்தது. உள்ளே கிடைத்த ஒரு கோடியே 78 லட்சம் ரூபாயை இளைஞர்கள் எண்ணிப் பொலிஸிடம் ஒப்படைத்தார்கள். ஐந்து நாளில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து விலகினார்.

இதை வெற்றி என்று எழுதி முடித்திருந்தால் அவசரப்பட்டிருப்போம். ஜூலை 20இல் பழைய நாடாளுமன்றமே 134 வாக்கில் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3 வாக்கு. 22ஆம் தேதி அதிகாலை இராணுவம் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. எகிப்தின் தஹ்ரீர் சதுக்கத்துக்கு நேர்ந்ததும் இதுதான். 2011இல் ஜனாதிபதி முபாரக்கை இறக்கினார்கள், 2013இல் இராணுவம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இறக்குவது ஒரு வேலை, ஏறி ஆள்வது வேறு வேலை. சதுக்கத்தால் முதலாவது முடியும். இரண்டாவதற்கு ஊர்தோறும் கிளை வேண்டும்.

இலங்கையில் அந்தக் கிளைகள் இருந்தன. துப்பாக்கியைக் கீழே வைத்து, 1994இலிருந்து தேர்தலில் தோற்றும் வென்றும் பழகிய ஜே.வி.பி.யின் கிளைகள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3 சதவீதம் வாங்கிய அநுர, 2024 செப்டம்பரில் 42 சதவீதத்தோடு முந்தி, விருப்பு வாக்கும் எண்ணப்பட்டு ஜனாதிபதியானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணியான தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடம் பிடித்தது. தோட்டத் தமிழரைக் கையாள் என்று பாடம் நடத்திய கட்சியின் அணியில், பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகத் தமிழ்ப் பெண் நாடாளுமன்றம் போனார்.

யாழ்ப்பாணத்திலும் 6இல் 3 இடம் அவர்களுக்கே. விஜேவீர அடைபட்டிருந்த ஊர் அது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை எதிர்த்து ஜே.வி.பி. வழக்காடி 2006இல் பிரித்ததை மறக்காத ஊரும்கூட. ஆனால் நீக்குவதாகச் சொன்ன நிறைவேற்று ஜனாதிபதி முறையும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் முதல் ஓராண்டில் நீங்கவில்லை. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு பழையபடி தமிழரசுக் கட்சியை முன்னுக்கு நிறுத்தியது. கொடுத்த வாக்குக்கு ஆறே மாதத்தில் கணக்குக் கேட்டுவிட்டது.