உள்ளே பூசி என்ன பயன்?
ஐப்பசி பிறந்தாலே எங்கள் படுக்கையறைச் சுவர் இடுப்பளவு ஓதம் அடிக்கும். சின்னவனுக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. பீரோ அடித்தட்டில் இருந்த என் கூறைப்புடவை பூஞ்சை பிடித்துப் போச்சு. இரண்டு தடவை பூசி, பெயின்ட் அடித்தும் அடுத்த மழைக்கே உரிந்தது.

போன வருஷம் வந்த கொத்தனார், கொட்டும் மழையில் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "பாரும்மா" என்றார். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது வெட்டிய மழைநீர்க் குழி தூர்ந்து, குழாயும் உடைந்து, மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் சுவரோரம் ஊற்றி அஸ்திவாரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது! அத்தனை வருஷமும் நான் அங்கேதான் துணி காயப்போட்டேன்.

குழியைத் தூர் வாரி, குழாயை மாற்றி, சுவரோரம் வெளியே சாய்வாகத் தளம் போட்டார். சுவர் நன்றாகக் காயும்வரை பூசக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிட்டார். இந்த ஐப்பசிக்குச் சுவர் காய்ந்தே இருக்கு. சின்னவனும் தூங்குகிறான். புடவைதான் போனது போனதுதான்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.